அத்தையின் தலைவலியும் சீர்காழி டாக்டரின் கணக்கும்

போன பொங்கலுக்கு முன்னால் நீடாமங்கலம் போயிருந்தபோது மாமா வீட்டுப் பரணைச் சுத்தம் பண்ணினோம். பழைய பித்தளை அண்டா, ஓட்டை விழுந்த மரக்கால், எலி கடித்த பஞ்சாங்கங்கள். அதற்கெல்லாம் அடியில் ஒரு தகரப்பெட்டி. திறந்தால் அத்தையின் ஆஸ்பத்திரிக் காகிதங்கள். 1994ஆம் வருஷத்தவை. மஞ்சள் பூத்துப்போன ஒரு தாளில் ஆங்கிலத்தில் பத்துப் பதினைந்து வரி. நான் அதை எடுத்துப் படிக்க ஆரம்பித்ததும் மாமா கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

“என்ன மாப்ள, அது ஆஸ்பத்திரி சீட்டா? அத அப்படியே வச்சிடு.”

வைக்கவில்லை. சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டேன். இந்தக் கட்டுரை அந்தத் தாளிலிருந்து வந்ததுதான். நான் டாக்டர் இல்லை. பழைய மருத்துவ இதழ்களையும் வரலாற்றுப் புத்தகங்களையும் தோண்டிப் படிக்கிற பழக்கம் உள்ளவன், அவ்வளவுதான். யாரும் இதை வைத்து வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு திங்கட்கிழமை காலை, கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அத்தை, பின்மண்டையில் யாரோ உலக்கையால் அடித்த மாதிரி இருக்கிறது என்று கத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு வாந்தி. கொஞ்ச நேரம் கண் இருட்டியது. பிறகு தெளிந்துவிட்டார். வெயில், பித்தம் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். மாமா கடைத்தெருவுக்குப் போய் தலைவலிக்கு ஒரு ஆஸ்பிரின் வாங்கிவந்து கொடுத்தார். வலி குறைந்த மாதிரி இருந்தது. செவ்வாய், புதன், வியாழன் அத்தை சமைத்தார், கழுத்து பிடித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றும்போது மறுபடி அதே அடி. இந்தத் தடவை விழுந்தவர் எழவில்லை.

காரில் போட்டு தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். (ரயில்வே கேட் அன்றைக்குத் திறந்திருந்ததாம். எங்கள் ஊரைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். மாமா இன்றும் அதைத் தனியாகச் சொல்வார்.) அங்கே ஸ்கேன் எடுத்து, “மூளையில ரத்தக்குழாய் வெடிச்சு ரத்தம் கசிஞ்சிருக்கு, மெட்ராஸ் கொண்டுபோங்க” என்றார்கள். சென்னையில் அத்தைக்கு நினைவு திரும்பியது. பேசினார். ஆபரேஷனுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் தலைவலியிலிருந்து எட்டாம் நாள் வலது கை தூக்க வரவில்லை, பேச்சு குழறியது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, “மூளைக்கு ரத்தம் போகல, ஸ்ட்ரோக் ஆயிடுச்சு” என்று சொன்னார். பன்னிரண்டாம் நாள் போய்விட்டார். வயது 46.

மாமாவுக்கு இதில் இரண்டு மனக்குறைகள். ஒன்று, டாக்டர்கள் மாற்றி மாற்றிச் சொன்னார்கள் என்பது. முதலில் ரத்தம் கொட்டிவிட்டது என்றார்கள், அப்புறம் ரத்தம் போகவில்லை என்றார்கள், எது உண்மை? இரண்டாவதை அவர் வெளியே சொல்லவே மாட்டார். பல வருஷம் கழித்து யாரோ ஒரு கம்பவுண்டர் அவரிடம், ஆஸ்பிரின் ரத்தத்தை உறையவிடாது, தலையில் ரத்தம் கசிகிறவர்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அந்த ஒரு மாத்திரை மாமாவின் தொண்டையில் நிற்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

குழப்பத்தில் பாதி நம்முடைய பேச்சு வழக்கிலேயே இருக்கிறது. “தலையில ரத்தக்கட்டு” என்று சொல்கிறோம். பைக்கிலிருந்து விழுந்து மண்டைக்குள் ரத்தம் கசிந்து தேங்கினாலும் ரத்தக்கட்டு. குழாய்க்குள்ளேயே ரத்தம் உறைந்து வழியை அடைத்தாலும் ரத்தக்கட்டு. முதலாவது குழாய்க்கு வெளியே வந்துவிட்ட ரத்தம், இரண்டாவது குழாய்க்குள் நின்றுவிட்ட ரத்தம். வைத்தியம் நேர் எதிர். ஒன்றுக்கு உறைவைக் கரைக்கிற மருந்து உயிர் காக்கும், இன்னொன்றுக்கு அதே மருந்து எமன். ‘பக்கவாதம்’, ‘ஸ்ட்ரோக்’ என்ற சொற்களும் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகின்றன. அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஸ்ட்ரோக் வந்தபோது கொடுத்த மாத்திரையை நம் வீட்டுக்காரருக்கும் கொடுக்கலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அத்தையின் தாளில் இருந்த சொல் மூன்றாவது ஒன்று. அனியூரிசம். மூளைத் தமனியின் சுவர் ஓரிடத்தில் மெலிந்து, சின்ன நாவல்பழம் மாதிரி வெளியே புடைத்துக்கொண்டு நிற்பது. உலகத்தில் பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பேருக்கு இது இருக்கும் என்கிறார்கள். பெரும்பாலானவர்கள் அதோடேயே வாழ்ந்து, அது இருப்பதே தெரியாமல் வேறு காரணத்தால் இறக்கிறார்கள்.

இந்தப் புடைப்பு எங்கே வரும் என்பதை டெல்டாக்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு இருக்கிறது. வெண்ணாறு அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. ஆறு கிளை பிரிகிற இடத்தில் தண்ணீர் நேரே போய் மோதும். அந்த மூக்கில்தான் கரை அரிக்கும். மூளைக்குள்ளும் அதே கதைதான். அனியூரிசம் பெரும்பாலும் தமனி இரண்டாகப் பிரிகிற கவட்டையில்தான் வரும். மூளையின் அடியில் தமனிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு வளையமாக இருப்பதை 1664இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் தன் புத்தகத்தில் விவரித்தார். அதற்குப் படம் போட்டுக்கொடுத்தவர் கிறிஸ்டோபர் ரென், பிற்பாடு லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டினாரே, அவரேதான். அனியூரிசங்களில் பெரும்பகுதி அந்த வளையத்தைச் சுற்றியே இருக்கிறது.

ஆற்று உவமையை இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கரையில் ஒரு குடைவு விழுந்தால் அதற்குள் தண்ணீர் சுழன்று மந்தமாகும். மந்தமான இடத்தில் வண்டல் படியும். அனியூரிசத்துக்குள் ரத்தம் உறைவதும் இப்படித்தான். ஓட்டம் மந்தமானால், சுவர் கெட்டால், ரத்தத்தின் தன்மை மாறினால் உறைவு வரும் என்கிற மூன்று காரணங்களையும் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் உறைவை ஆராய்ந்த ருடால்ஃப் ஃபிர்ஷோவின் பெயரால் இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். அனியூரிசம் பையில் மூன்றுமே ஒரே இடத்தில் கிடைக்கும், பை பெரிதாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இங்கேதான் எனக்கு ஆச்சரியம் வந்தது. அந்த உறைவு நல்லதா கெட்டதா? வண்டல் படிந்து குடைவு முழுக்கத் தூர்ந்துபோனால் கரைக்கு நல்லது. சில பெரிய அனியூரிசங்கள் தாமாகவே உள்ளே உறைந்து மூடிக்கொண்டதும் உண்டு. பாதி தூர்ந்தால் ஆபத்து. குடைவில் சேர்ந்த ஆகாயத்தாமரைத் திட்டு ஒன்று பிய்த்துக்கொண்டு போய்க் கீழே மதகை அடைப்பது மாதிரி, பைக்குள் இருந்த உறைவின் துணுக்கு ஒன்று கிளம்பிப் போய் மேலே சின்னத் தமனியை அடைத்துவிடும். வெடிக்காத அனியூரிசத்திலிருந்தே ஸ்ட்ரோக் வருவது இந்த வழியில்தான். அபூர்வம், ஆனால் நடக்கும்.

பை வெடித்தாலும் கதை உறைவில்தான் நிற்கிறது. ஓட்டை விழுந்த மறுகணம் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட்டுகள், ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். அவற்றின் மேல் ஃபைப்ரின் என்ற நார் வலை பின்னி இறுக்கும். உடைப்பெடுத்த கரையில் ஊரே திரண்டு மணல் மூட்டை அடுக்குவது போல. அத்தை அந்தத் திங்கட்கிழமை எழுந்து உட்கார்ந்து நான்கு நாள் சமைத்தது இந்த ஒட்டுப்போட்ட அடைப்பின் தயவில். ஆனால் உடம்பில் உறைவைக் கட்டுகிற வேலையும் கரைக்கிற வேலையும் எப்போதும் கூடவே நடக்கின்றன. கட்டிய வலையைப் பிளாஸ்மின் என்ற நொதி அறுத்துக்கொண்டே இருக்கும். மூட்டை நனைந்து சரிவதற்குள் சுவர் ஆற வேண்டும். பெரும்பாலும் ஆறாது. மறுகசிவுக்கு மிக ஆபத்தான நேரம் முதல் நாள். அதைத் தாண்டினாலும் அடுத்த சில வாரங்களுக்குக் கத்தி தலைக்கு மேலேதான்.

இதையெல்லாம் உயிரோடு இருப்பவரின் தலைக்குள் பார்க்க மனிதனுக்கு ரொம்ப காலம் பிடித்தது. 1859இல் லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவர் மூளை அனியூரிசங்களைத் தொகுத்து எழுதினார். உயிரோடு இருக்கும்போது சந்தேகப்படலாமே தவிர, உறுதியாகச் சொல்ல வழியில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். பிரேதப் பரிசோதனை மேசையில்தான் அனியூரிசம் தெரியும். 1927இல் போர்ச்சுகலின் எகாஸ் மோனிஸ், கழுத்துத் தமனியில் எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்தி மூளை ரத்தக்குழாய்களைப் படம் எடுத்துக் காட்டினார். அதன் பிறகுதான் அது உயிருள்ளவர்களின் வியாதி ஆனது.

1931இல் எடின்பரோவில் நார்மன் டாட், மண்டையைத் திறந்து, நோயாளியின் காலிலிருந்தே வெட்டிய தசைத் துண்டை அனியூரிசத்தின் மேல் போர்த்தினார். வெட்டிய தசை ரத்தத்தைச் சட்டென்று உறைய வைக்கும் என்பது அப்போதே தெரிந்த சங்கதி. 1937 மார்ச் 23ஆம் தேதி அமெரிக்காவில் வால்டர் டான்டி, பையின் கழுத்தில் ஒரு வெள்ளி கிளிப்பைப் போட்டு மூடினார். மதகுப் பலகையை இறக்கியது போல. அந்தக் கிளிப்தான் பின்னால் அரை நூற்றாண்டுக்கு முக்கிய வைத்தியமாக இருந்தது.

ஆனால் எனக்குப் பிடித்தது கிளிப்பின் வரலாறு இல்லை, கம்பியின் வரலாறு. கரைக்கு வெளியிலிருந்து அணை போடாமல், குடைவுக்குள்ளேயே எதையாவது போட்டுத் தூர்த்துவிடலாமே என்று யோசித்தவர்களின் கதை.

1864இல் லண்டன் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் சார்லஸ் மூர் என்ற அறுவை மருத்துவர், மார்புத் தமனியில் பெரிய அனியூரிசம் இருந்த ஒருவருக்கு, அந்தப் பைக்குள் மெல்லிய இரும்புக் கம்பியைச் செலுத்தினார். எவ்வளவு? 26 கெஜம்! ஒரு வேட்டி நான்கு முழம் என்று வைத்துக்கொண்டால் ஒரு டஜனுக்கு மேல் வேட்டியை நீளவாக்கில் முடிந்த அளவு. கம்பியின் மேல் ரத்தம் உறைந்து பை அடைபடும் என்பது எண்ணம். உறைந்தது. நோயாளி சில நாட்களில் இறந்துபோனார். 1941இல் நியூயார்க்கில் ஒரு சிறுமியின் மூளை அனியூரிசத்துக்குள் கண்குழி வழியாக 30 அடி வெள்ளிக் கம்பியைச் செலுத்தி, அதைச் சூடேற்றி உறைய வைத்தார்கள். 1960களில் சிகாகோவில் ஷான் முல்லன் செம்பு ஊசிகளைக் குத்தி மின்சாரம் பாய்ச்சினார். அதே காலத்தில் கேலகர் என்பவர் பன்றி முடியையும் குதிரை முடியையும் காற்றுத் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் அனியூரிசத்துக்குள் சுட்டார். சிரிப்பு வருகிறது இல்லையா? எனக்கும் வந்தது. ஆனால் உடைப்பை அடைக்க முள்ளும் வைக்கோலும் தென்னை மட்டையும் கொண்டுபோய்ப் போடுகிற ஊரில் பிறந்தவனுக்கு அந்த யோசனை அவ்வளவு அந்நியமாக இல்லை.

இத்தாலியைச் சேர்ந்த குய்தோ குல்யெல்மி ரோமில் இளம் மருத்துவராக இருந்தபோது முயல்களை வைத்து இதே மின்சார விளையாட்டைச் செய்துகொண்டிருந்தார். நேர்மின் முனை ரத்த அணுக்களை இழுத்து உறைய வைக்கும் என்பது கணக்கு. ஒரு தடவை மின்சாரம் பாய்ச்சியபோது கம்பியின் நுனி அரிக்கப்பட்டு, தானாகக் கழன்று பைக்குள்ளேயே தங்கிவிட்டது. சோதனையின் தோல்விதான் அது. அந்தத் தோல்வியை அவர் மறக்கவில்லை. பத்தாண்டு கழித்து அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில், மிருதுவான பிளாட்டினச் சுருளைத் தொடையிடுக்குத் தமனி வழியாக மூளைவரை கொண்டுபோய், பைக்குள் சுருட்டி வைத்து, சின்ன மின்சாரத்தால் கழற்றிவிடுகிற முறையாக அது ஆனது. முதல் நோயாளிக்குச் செய்தது 1990 மார்ச்சில். 2002இல் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வில், கசிந்த அனியூரிசம் உள்ள 2143 பேரில், ஒரு வருஷம் கழித்து இறந்தவர்களோ பிறர் தயவில் வாழ்பவர்களோ கிளிப் போட்டவர்களில் 30.6 சதவீதம், காயில் வைத்தவர்களில் 23.7 சதவீதம். 1864இன் இரும்புக் கம்பிக்கு 138 வருஷம் கழித்துக் கிடைத்த மரியாதை!

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். மின்சாரம் உறைய வைக்கும் என்றுதான் குல்யெல்மி தொடங்கினார். கடைசியில் மின்சாரத்தின் முக்கிய வேலை கழற்றிவிடுவது. உறைவைக் கொண்டுவருவது, சுருள் அடைத்துக்கொண்டதால் ஓட்டம் மந்தப்படுவதுதான். இன்றைக்கு இதே நோயாளிகளில் சிலருக்குத் தமனிக்குள் ஸ்டென்ட்டும் வைக்கிறார்கள். அப்படி வைத்தால் ஆஸ்பிரினும் இன்னொரு தட்டணு மருந்தும் கொடுப்பார்கள். பைக்குள் உறைய வேண்டும், ஸ்டென்ட்டுக்குள் உறையக் கூடாது. இரண்டு மில்லிமீட்டர் தள்ளி எதிரெதிர் வேண்டுதல்.

இப்போது நம் பக்கம் வருவோம். இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை வேலூர் சி.எம்.சி.யில் 1949இல் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். அடுத்த வருஷம், 1950 அக்டோபரில், சென்னை அரசு பொது மருத்துவமனையில் இரண்டாவது துறையைத் தொடங்கியவர் பி. ராமமூர்த்தி. அவர் 1922இல் சீர்காழியில் பிறந்தவர். இதே காவிரிப் படுகையின் இன்னொரு மூலை. இங்கிலாந்தின் நியூகாசிலில் ரோபாதமிடம் பயிற்சி பெற்றுத் திரும்பியபோது அவருக்கு 28 வயது. 1951இல் சாண்டி, ராமமூர்த்தி, எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகிய நாலே பேர் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை ஆரம்பித்தார்கள். அன்றைக்குச் சங்கம் கூட்ட ஒரு பெஞ்ச் போதும்.

ராமமூர்த்தி தன் சுயசரிதைக்கு வைத்த பெயரின் பொருள், வழி முழுக்க ஏற்றம்தான் என்பது. ஸ்கேன் என்ற ஒன்று உலகத்திலேயே இல்லாத காலம் அது. முதல் சி.டி. ஸ்கேன் லண்டனில் 1971இல்தான் எடுக்கப்பட்டது. அதற்கு முன் கழுத்தில் ஊசி குத்தி மருந்து ஏற்றி, எக்ஸ்ரே எடுத்துத்தான் அனியூரிசத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இங்கிலாந்தில் பயிற்சிக் காலத்தில் அடிக்கடி கேட்ட வியாதி, சென்னையில் ஏன் இவ்வளவு குறைவாக வருகிறது? 1969இல் அமெரிக்காவின் நரம்பியல் அறுவை இதழில் இந்தியாவில் மூளை அனியூரிசம் எவ்வளவு என்பதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். மேலைநாடுகளைவிட இங்கே குறைவு என்பது அதன் முடிவு. பல ஆண்டு கழித்து, 2003இல், வட மேற்கு இந்தியாவில் 1000 பேரின் மூளை வளையத்தைப் பிரேதப் பரிசோதனையில் பார்த்தவர்களும் குறைவு என்றே எழுதினார்கள்.

இது உண்மையிலேயே குறைவா, அல்லது கண்ணுக்குப் படாததா என்பது இன்றுவரை ஓய்ந்த விவாதமில்லை. குறைவாகவே இருக்கலாம். பின்லாந்திலும் ஜப்பானிலும் இந்தக் கசிவு மற்ற நாடுகளைவிட அதிகம், ஆகவே இடத்துக்கு இடம் மாறத்தான் செய்யும். ஆனால் என் பங்குக்கு ஒன்று தோன்றுகிறது. ராமமூர்த்தியின் கணக்கில் வர வேண்டுமானால் ஒருவர் முதல் கசிவில் சாகாமல் இருக்க வேண்டும். அது வெறும் தலைவலி இல்லை என்று வீட்டில் யாருக்காவது தோன்ற வேண்டும். சீர்காழியிலிருந்தோ நீடாமங்கலத்திலிருந்தோ சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். அங்கே கழுத்தில் ஊசி ஏற்ற உடம்பு தாங்க வேண்டும். இவ்வளவு மதகுகளைத் தாண்டி வந்தவர்கள் எத்தனை பேர்? “பித்தம் தலைக்கேறிப் போயிட்டா”, “காத்து கருப்பு அடிச்சிருச்சு” என்று எங்கள் தெருவிலேயே சொல்லப்பட்ட திடீர்ச் சாவுகளில் இரண்டு எனக்குத் தெரியும். அவை எந்தக் கணக்கிலும் இல்லை. 1994இல் தஞ்சாவூரில் ஸ்கேன் இல்லாமல் இருந்திருந்தால் அத்தையும் அந்தக் கணக்கில்தான் போயிருப்பார்.

அடுத்தது மாமாவின் முதல் மனக்குறை. ரத்தம் கொட்டியதா, போகவில்லையா?

இரண்டும். கசிந்த ரத்தம் மூளையைச் சுற்றியுள்ள நீரில் பரவித் தேங்குகிறது. தேங்கிய ரத்தம் சிதையச் சிதைய, அதில் நனைந்த தமனிகள் நான்காம் நாள் வாக்கில் சுருங்க ஆரம்பிக்கின்றன. இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. சின்னச் சின்ன உறைவுகளும் சேர்ந்துகொள்கின்றன. கசிவில் பிழைத்தவர், ரத்தம் போகாமல் வருகிற ஸ்ட்ரோக்கில் மாட்டுகிறார். தமனி சுருங்குவதை எக்கரும் ரீமன்ஷ்னைடரும் 1951இலேயே படத்தில் காட்டினார்கள். 1989இல் பிரிட்டனில் வெளியான ஆய்வில், நிமோடிபின் என்ற மருந்து கொடுத்தபோது இந்த இரண்டாம் ஸ்ட்ரோக் 33 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைந்தது. அத்தையின் தாளிலும் அந்த மருந்தின் பெயர் இருக்கிறது, ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார்கள். எட்டாம் நாள் அந்த டாக்டர் மாற்றிச் சொல்லவில்லை. இரண்டு வெவ்வேறு விஷயத்தைச் சொன்னார். நடுவில் இருந்த பாலத்தை யாரும் விளக்கவில்லை. நின்று விளக்க நேரம் இருந்திருக்காது.

இரண்டாவது மனக்குறைக்குப் பதில் தேடும்போதுதான் ஜப்பான் போக வேண்டியிருந்தது. ஷோசுகே ஒகாமோடோ, உடாகோ ஒகாமோடோ என்று கணவன் மனைவி. போருக்குப் பிந்திய வறுமையில், பிரசவத்தில் ரத்தம் கொட்டிச் சாகிற தாய்மார்களுக்காக, உறைவு கரைவதைத் தடுக்கிற மருந்தைத் தேடியவர்கள். உடாகோ கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். 1962இல் டிரானெக்ஸாமிக் அமிலத்தைப் பற்றி எழுதினார்கள். இன்றைக்கு நம்மூர்ப் பிரசவ வார்டுகளிலும் இருக்கிற மருந்துதான்.

உறைவு கரைவதால்தான் அனியூரிசம் மறுபடி கசிகிறது என்றால், கரைவதைத் தடுத்துவிட்டால் போதுமே? ஐரோப்பாவில் 479 நோயாளிகளிடம் சோதித்து 1984இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து கொடுக்கப்படாதவர்களில் 24 சதவீதம் பேருக்கு மறுகசிவு. மருந்து கொடுத்தவர்களில் 9 சதவீதம். பிரமாதம் என்று நினைப்பதற்குள் அடுத்த வரி வருகிறது. ரத்தம் போகாமல் வருகிற ஸ்ட்ரோக், மருந்து இல்லாதவர்களில் 15 சதவீதம், மருந்து கொடுத்தவர்களில் 24. ஒரு பக்கம் காப்பாற்றியதை மறுபக்கம் பிடுங்கிக்கொண்டது. சாவு எண்ணிக்கையில் வித்தியாசமே இல்லை. மருந்தைக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும், சீக்கிரமாகக் கொடுத்துப் பார்த்த 2021ஆம் வருஷத்து ஆய்விலும் நோயாளிகள் கடைசியில் மேலான நிலைக்கு வரவில்லை. இந்த வரலாறு முழுக்க நான் படித்ததில் என்னை ரொம்ப நேரம் உட்காரவைத்த பக்கம் இதுதான். உறைவைப் பலப்படுத்தினாலும் தப்பு, விட்டாலும் தப்பு. ஓட்டையை நேரே போய் அடைப்பதைத் தவிர குறுக்கு வழி கிடையாது.

போன மாதம் மறுபடி ஊருக்குப் போனேன். திண்ணையில் மாமா பக்கத்தில் உட்கார்ந்து தாளை எடுத்தேன். அவர் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்தார்.

“மாமா, அந்த ஆஸ்பிரினப் பத்தித்தான் பேச வந்தேன்.”

“யார் சொன்னா ஒனக்கு?”

“நீங்கதான் ஒரு தடவ சொன்னீங்க, மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வந்தப்போ.”

பொய் சொல்ல விருப்பமில்லை. ஆஸ்பிரின் தட்டணுக்களை மந்தமாக்கும், ஒரு மாத்திரையின் வேலை ஒரு வாரம் பத்து நாள் கூட உடம்பில் இருக்கும், திடீரென்று இடி மாதிரி வருகிற தலைவலிக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று இன்றைக்கு எல்லா டாக்டரும் சொல்வார்கள் என்றேன். அவர் தலையசைத்தார். பிறகு 24 என்ற எண்ணைச் சொன்னேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில், டாக்டர்கள் சுற்றி நிற்க, படுத்த படுக்கையாக இருந்தவர்களிலேயே நூற்றுக்கு 24 பேருக்கு மறுபடி கசிந்தது. அத்தை நாலு நாள் நடமாடினார், குனிந்து கோலம் போட்டார், தண்ணீர்க் குடம் தூக்கினார். ஆஸ்பிரின் கொடுக்காவிட்டால் அந்த வெள்ளிக்கிழமை வந்திருக்காது என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னொன்றும் சொன்னேன். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், வெடிக்காத அனியூரிசம் இருந்தவர்களில் வாடிக்கையாக ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுக்கு வெடிப்பு குறைவாகவே காணப்பட்டது. அதற்காக யாரும் ஆஸ்பிரினை வாங்கி முழுங்கச் சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பிரின் என்றாலே வெடிக்க வைக்கும் என்று அந்தக் கம்பவுண்டர் போட்ட கணக்கு அவ்வளவு நேர்க்கோடு இல்லை.

மாமா வெகுநேரம் பேசவில்லை. உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்துவந்து தாளை வாங்கிக்கொண்டார். அவருக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் போனார்.

“இதுல மாத்திரையப் பத்தி எங்க போட்ருக்கு?”

“போடல மாமா.”

“நான் டாக்டர்ட்ட சொன்னேனே. தஞ்சாவூர்லயும் சொன்னேன், மெட்ராஸ்லயும் சொன்னேன்.”

“கேட்டிருப்பாங்க மாமா. பெரிசா நினைச்சிருக்க மாட்டாங்க. அதான் எழுதல.”

அவர் தாளை இன்னொரு தடவை மேலிருந்து படிக்க ஆரம்பித்தார். கேட் சாத்துகிற மணி கேட்டது. எர்ணாகுளம் வண்டியாக இருக்கும் என்றார், தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.